இருபத்து மூன்றாம் பக்கத்துப் பிள்ளை

நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் எனக்கு மாலை போட்டு, கேக் வெட்டி, "அக்கா, ரெண்டு வார்த்த பேசுங்கலா" என்று நம்மூர் 'லா' சேர்த்துக் கெஞ்சினீர்கள். நான் நன்றி மட்டும் சொல்லிவிட்டுக் கேக்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பழிவாங்குகிற மாதிரி இப்போது வாட்சப்பில் நச்சரிக்கிறீர்கள். என் சாதனைகளை எழுதித் தர வேண்டுமாம், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படுமாம். சாதனையாவது மண்ணாங்கட்டியாவது! முப்பத்தோரு வருடம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து, அடுத்தவர் வீட்டுப் பழைய புகைப்படங்களின் அழுக்கைத் துடைத்தவள் நான். எந்தக் கறைக்கு எந்தத் திரவம் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை நான் மறுபடி எழுதினால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும்.

ஆகவே நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். பதினோரு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும். படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த வேலையைப் பழக்கிய அம்மாள், படம் கொண்டுவருகிற எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: "இத வீட்டுல எங்க வச்சிருந்தீங்க?" அலமாரியா, சுவரா, கட்டிலுக்கு அடியிலா என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வார். அது வெறும் ஊர்க்கதை என்று நான் நினைத்தேன். அவர் போன பிறகு, நேரம் மிச்சமாகட்டும் என்று அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். இனி நடந்ததைக் கேளுங்கள்.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில் வள்ளியப்பன் என்ற பல் டாக்டர் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தண்ணீர்மலைப் பக்கம் பெரிய பழைய வீடு. மார்போடு அணைத்துப் பிடித்திருந்த துணிப்பையில் ஓர் ஆல்பம் இருந்தது. கறுப்பு அரக்கு பூசிய அட்டை, அதில் பொன்னிறக் கொக்குகள் இரண்டு. பார்த்ததுமே எனக்கு என்னவென்று தெரிந்துவிட்டது.

உங்களில் இதைப் பார்க்காதவர்கள் இருப்பீர்கள். அந்தக் காலத்தில் கப்பலேறி உலகம் சுற்றியவர்கள் ஜப்பானில் யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கினால், இந்த மாதிரி ஓர் ஆல்பம் வாங்காமல் திரும்ப மாட்டார்கள். உள்ளே ஐம்பது புகைப்படம். மலை, பாலம், கோயில், கைவண்டி, குடை பிடித்த பெண்கள். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சடித்த பழுப்புப் படங்கள்தாம். அவற்றின் மேல் மயிரிழைத் தூரிகையால் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து வண்ணம் தீட்டியிருப்பார்கள். கேமரா கண்டது பாதி, கை சேர்த்தது பாதி. எது எந்தப் பாதி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்க பாட்டையா ஜப்பானுக்குப் போனப்ப வாங்கினது மேடம்" என்றார் டாக்டர். செட்டியார் வீடுகளில் பாட்டையா என்றால் கொள்ளுத்தாத்தா. "டவுன்ல பழைய படமெல்லாம் வச்சு ஒரு கண்காட்சி போடப் போறாங்க. இதையும் கேட்டாங்க. கொஞ்சம் கிளீன் பண்ணிக் குடுங்க. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் திரும்ப வேணும், வீட்டுல ஒரு பூஜ இருக்கு."

பூஜைக்கும் ஜப்பான் ஆல்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, சொல்ல வெட்கப்பட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவர் போனதும் ஆல்பத்தை மேசையில் முதுகு படும்படி நிறுத்தி அட்டையை விட்டேன். அது தானாகத் திறந்துகொண்டது. மூடினேன். மறுபடி விட்டேன். மறுபடியும் அதே பக்கம், இருபத்து மூன்றாம் பக்கம்.

அதில் ஒரு சின்னப் பெண். ஏழு வயது இருக்கலாம். படப்பிடிப்புக் கூடத்துப் பொய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நீல அங்கி, கையில் மடக்கிய காகிதக் குடை. கண்கள் இரண்டும் அகல விரிந்து நேராகப் பார்த்தன. கொஞ்சம் கூடுதலாகவே விரிந்திருந்தன. மற்றப் படங்களில் இருந்த ஆட்களெல்லாம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் நம்மையே பார்த்தாள். நான் விளக்கைத் திருப்பினேன், நாற்காலியை மாற்றிப் போட்டேன். அப்போதும் என்னையே பார்த்தாள்.

அவள் நெற்றியில் சிவப்பாக, மேடு தட்டி, ஒரு புள்ளி. அந்தப் பக்கத்தில் மட்டும் ஓரமெல்லாம் லேசாகக் கரி படிந்திருந்தது. முகர்ந்தால் சூடம் மாதிரி ஒரு வாசனை. பூச்சிக்கு யாரோ ரசக்கற்பூர உருண்டை போட்டு வைத்திருப்பார்கள் என்று முடிவு கட்டினேன். ஆல்பத்தின் முதுகு உடைந்திருக்கிறது, அதனால்தான் அங்கே திறக்கிறது என்று எழுதிக்கொண்டேன். சிவப்புப் புள்ளி? நம் பினாங்குப் புழுக்கத்தில் காகிதத்தில் எந்த நிறத்தில் எது தெரிந்தாலும் எனக்கு ஒரே பதில்தான், பூஞ்சணம்.

இத்தனைக்கும் ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் ஏறுமுன் தினமும் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு வருகிறவள் நான். அன்றைக்கும் வைத்திருந்தேன். ஜப்பான்காரப் பிள்ளை நெற்றியில் இருந்ததால் அது குங்குமம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை படித்து என்ன! புத்தி எங்கே மேயப் போனதோ.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அங்கியின் நீலத்தில் ஓர் ஓரத்தைத் தொட்டுச் சோதித்தேன், வண்ணம் அசையவில்லை. அங்கே அசையாதது முகத்திலும் அசையாது என்று நம்பினேன். ஈரப் பஞ்சுக் குச்சியை நெற்றியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். சிவப்பு வந்தது. இன்னொரு சுற்று. அப்போது ஈரம் கீழே இறங்கியது. ஒரு சொட்டுக்கூட இல்லை, சொட்டில் பாதி. முகம் முழுக்கப் பூசியிருந்த சாயம் குழைந்தது. ஒற்றி எடுக்கத் தாளை வைத்து அழுத்தினேன். தாளை எடுத்தேன்.

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

நான் பேய்க்கதை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். படம் பிடித்த அந்த நொடியில் அவள் இமையை மூடிவிட்டாள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பிள்ளைகளை அசையாமல் உட்கார வைப்பது லேசா? பட்டறையில் எவனோ அந்த மூடிய இமைகளுக்கு மேல் வெள்ளை பூசி, கறுப்பு வைத்து, கண்களை வரைந்துவிட்டான். நூறு வருடத்துக்கு மேல் அவள் இமைக்காமல் பார்த்தது அவன் வரைந்த கண்ணால். இப்போது அந்தக் கண்கள் இரண்டும் நான் எடுத்த ஒற்றுத்தாளில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன.

தாளைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறமும் அது பார்க்கிற மாதிரியே இருந்ததால் அதன் மேல் அகராதியைத் தூக்கி வைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று பயந்தேன்.

படங்களுக்குச் சட்டம் அடிக்கும் சேகர் அப்போது எங்கள் கீழ்த்தளத்தில் இருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன்.

"அலாமாக்! என்னக்கா இது, தூங்கிருச்சு?" என்றார்.

"சேகர், விளையாடாதீங்க. இத எப்படித் திருப்பிக் குடுப்பேன்?"

"இதுக்கு ஏன்கா கலங்குறீங்க? உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? வரைஞ்சு விட்டுருங்கலா. ஒரு மணி நேரம். யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது. உண்மைதான். இந்த வேலையில் நீங்கள் செய்யப்போகும் பெரிய பாவங்கள் எல்லாம் யாருக்கும் தெரியாதவையாகத்தான் இருக்கும். என் பிழைப்பு என் பெயரில்தான் ஓடியது. வாடிக்கையாளர் பொருளைக் கெடுத்தாள் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் மாடிப்படியில் அப்புறம் காக்காய்தான் ஏறும். மூன்று முடி கொண்ட தூரிகையை எடுத்தேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து இடது கண்ணை வரைந்தேன்.

நன்றாகவே வந்தது. அதுதான் பயங்கரம். ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணால் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். பழைய பார்வை இல்லை அது. உற்றுப் பார்த்தேன். தினமும் காலையில் கண்ணாடியில் நான் பார்க்கிற கண். என் கண்ணை நான் அவளுக்கு வைத்திருந்தேன். "போதும்டியம்மா" என்று வாய்விட்டுச் சொல்லி, ஈரம் காய்வதற்குள் அதையும் எடுத்துவிட்டேன். அன்றைக்கு அதோடு கடையைச் சாத்தினேன்.

புதன்கிழமை காலையில் வந்து மூடித்தாளை விலக்கினேன். நெற்றியில் சிவப்புப் புள்ளி மறுபடி இருந்தது.

மேடாக இல்லை, சுத்தமாக, வட்டமாக, தாளுக்கு உள்ளிருந்து வந்த மாதிரி. பூட்டிய அறை, சாவி என்னிடம். காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அடியில் ஊறியிருந்த சாயம், மேலே ஈரம் காயும்போது கூடவே ஏறி வந்திருக்கிறது. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று யார் சொன்னது? நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எதிரே ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. என் நெற்றியிலும் அதே இடத்தில், அதே சிவப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்துப்போனவர்கள் படத்துக்கு நம் வீட்டில் பொட்டு வைப்போமே, அந்தப் பொட்டு. கரி, தீபம் காட்டிய கரி. வாசனை, சூட வாசனை. அந்தப் பக்கத்தை நூறு வருடமாக யாரோ திறந்து வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஆல்பம் அங்கே திறக்கிறது. எல்லாவற்றையும் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் 'சேதம்' என்று பெயர் வைத்தேன்.

டாக்டருக்குப் போன் போட்டேன். "டாக்டர், இந்த ஆல்பத்த வீட்டுல எங்க வச்சிருந்தீங்க?"

"சாமி ரூம்ல" என்றார்.

அப்புறம் கொட்டிவிட்டார். அது வெறும் பூஜை இல்லை, படைப்பு. இறந்துபோன முன்னோருக்குப் புதுத்துணி வைத்து, சமைத்துப் படைத்துக் கும்பிடுகிற நாள். அவர்கள் வீட்டில் அது உமையாள் என்ற பிள்ளைக்கு. பாட்டையாவின் மகள், ஏழு வயதில் தமிழ்நாட்டில் சொந்த ஊரில் காய்ச்சலில் போனவள். அவளுக்குப் புகைப்படமே கிடையாது. அதனால் இந்த ஜப்பான் பிள்ளையைத்தான் உமையாள் என்று வைத்துக் கும்பிடுகிறார்கள்.

"சிரிப்பீங்கன்னு சொல்லல மேடம். ஏன், என்னாச்சு?"

சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். அவர் கத்தவில்லை, அதைவிட மோசம், குரல் உடைந்துவிட்டது. "ஐயோ, ஆச்சிக்குத் தெரிஞ்சா செத்துருவாங்க மேடம். வரைஞ்சிருங்க, ப்ளீஸ். எப்படியாவது கண்ணத் தொறந்து குடுத்துருங்க. அவங்களுக்கு இந்தப் பிள்ளதான் எல்லாமே."

ஆச்சி என்பது அவருடைய அக்கா அழகம்மை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். சின்ன வயதிலிருந்து உமையாளுக்குப் பொட்டு வைப்பதும் படைப்பதும் அவர் பொறுப்பு. வாடிக்கையாளரே வரையச் சொல்லிவிட்டார், இனி எனக்கு என்ன? வரைந்து கொடுத்தால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த அம்மாள் வெள்ளிக்கிழமை குனிந்து பொட்டு வைக்கும்போது, எதிரே பார்ப்பது என் கண்ணை. சாகும்வரை வருடா வருடம் என் கண்ணுக்குத் தீபம் காட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நேர்மை என்று இதற்குப் பெரிய பெயர் வைக்காதீர்கள், பயம்தான்.

வியாழக்கிழமை முற்பகலில் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்மலைப் பக்கம் அந்த வீட்டுக்குப் போனேன். வீடு ஜேஜே என்றிருந்தது. கோலாலம்பூரிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் உறவுக்காரர்கள் இறங்கியிருந்தார்கள். சமையல்கட்டில் அண்டா உருட்டுகிற சத்தம், கூடத்தில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம், எவரோ ஒருவர் காரை நகர்த்தச் சொல்லிக் கத்துகிற சத்தம். டாக்டர் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்து, என் காதருகே வந்து, "வரைஞ்சுட்டீங்களா?" என்றார். இல்லையென்று தலையாட்டினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சாமி அறையில் அழகம்மை ஆச்சி இருந்தார். அறுபதுக்கு மேல், ஒல்லி, வெடுக்கென்ற பேச்சு. முன்னால் ஒரு பிரம்புப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே புதுப் பட்டுப் பாவாடை ஒன்று, ஏழு வயதுப் பிள்ளை அளவு.

"வந்துட்டாளா? வாங்கம்மா, உக்காருங்க. மூணு நாளா அவ இல்லாம இந்த ரூமே நல்லால்ல" என்று குங்குமச் சிமிழை எடுத்தார். வெளியே போய்த் திரும்பிய படத்துக்கு முதலில் பொட்டு வைக்க வேண்டும்.

"ஆச்சி, தொறக்கிறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். பொட்டுன்னு தெரியாம தொடச்சிட்டேன். அதுல பிள்ள முகத்து வர்ணம் போயிருச்சு. கண்ணு... கண்ணு போயிருச்சு ஆச்சி. என்ன மன்னிச்சிருங்க."

அவர் ஆல்பத்தை வாங்கி மடியில் நிறுத்தினார். அட்டையை விட்டார். அது தானாகத் திறந்துகொண்டது.

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். குங்குமம் தொட்ட விரல் நெற்றிக்கு அருகே போய் நின்றுவிட்டது.

"பொட்டு நீங்க வச்சீங்களா?"

"இல்ல ஆச்சி. நான் எடுத்தேன். மறுநாள் அதுவா வந்திருந்துச்சு."

விரலைத் தன் நெற்றியிலேயே துடைத்துக்கொண்டார். வாசலில் டாக்டர் நின்றிருந்தார். அவரிடமா என்னிடமா என்று தெரியாமல், படத்தைப் பார்த்தபடியே ஆச்சி பேசினார்.

"பாட்டையா இங்க மூணு வருஷம் தொழில் பாத்து முடிச்சு, ஊருக்கு வர்றேன்னு காயிதம் போட்டாரு. பிள்ள வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சாம். அவரு கூட்டாளி கூப்பிட்டான்னு, ஊருக்குப் போற கப்பல விட்டுட்டு ஜப்பான் பாக்கப் போயிட்டாரு. வேடிக்க பாக்க. இவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. படுத்துக்கிட்டும் வாசலயே பாத்திருக்கா. அப்படியே போயிட்டா. கண்ண மூடவே முடியலயாம். அவ ஆத்தா எத்தன தடவ மூடியும் தொறந்துக்கிச்சாம்."

சமையல்கட்டில் எதுவோ கீழே விழுந்து உருண்டது. ஆச்சி நிமிரவில்லை.

"அவரு இந்தப் பொஸ்தகத்தோட வந்து நின்னாரு. ஆத்தா ஒவ்வொரு பக்கமாத் திருப்பி, இதுல வந்து நிறுத்தி, இவதான்னு சொன்னாங்களாம். மொகம் வேற, நெறம் வேற, உடுப்பு வேற. அந்தக் கண்ணு மட்டும் அதே கண்ணு. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே வீட்டுல எனக்குச் சொல்லி வச்சிருந்தாங்க, அவ இன்னும் வாசலத்தான் பாத்துக்கிட்டிருக்கா, நாம கூடவே உக்காந்திருக்கணும்னு. அதான் நான் உக்காந்துட்டேன்."

எழுந்து அவர் காலில் விழலாமா, அப்படியே ஓடிவிடலாமா என்று தெரியவில்லை. டாக்டர் உள்ளே ஓரடி வைத்து, "ஆச்சி, மேடம் வேணும்னு பண்ணல..." என்று உரக்க ஆரம்பித்தார்.

ஆச்சி தலையை நிமிர்த்தினார். கோபமாக இருக்கும் என்று நான் நினைத்த முகத்தில் கோபம் இல்லை. உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"சத்தம் போடாத வள்ளி" என்றார், அத்தனை மெதுவாக. "பிள்ள தூங்குது."

அந்தச் சொல் கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் எப்படிப் போனதோ தெரியாது. அண்டாச் சத்தம் நின்றது, பிள்ளைகள் ஓடுவது நின்றது, வெளியே கார் எஞ்சின்கூட அணைந்தது. நண்பகல் வெயிலில் அந்தப் பெரிய வீடு முழுக்க மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை பேருடைய மூச்சு என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆச்சி புதுப் பாவாடையை எடுத்து, பிரித்து, படத்தின் மேல் கழுத்துவரை போர்த்தினார்.

நான் எழுந்தேன். வாசலில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டும்வரை வெறுங்காலோடு, சத்தமில்லாமல் நடந்தேன்.